பல்செட்டுக்காரரின் இரண்டாவது கியர்

பல்செட்டுக்காரரின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் முதல் கியரிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போதெல்லாம் அவருடைய மகளின் குரலில் ஒரு வாக்கியம் பேசியது. ஒரு மாற்றத்துக்கு ஒரு வாக்கியம், அதற்கு மேல் இல்லை. மூன்றாவதிலும் நான்காவதிலும் அது எல்லா வண்டிகளையும் போலத்தான் ஓடியது. ரிவர்ஸ் போட்டால் கொஞ்சம் முனகும், வயசான எந்த கியர்பாக்ஸும் அப்படித்தான். முதல் சில வாரங்கள் தெருவில் இதைப் பற்றிப் பேச்சு இருந்தது. அப்புறம் தண்ணீர்க் குழாய் மாற்றுகிறோம் என்று சாலையைத் தோண்டிப்போட்டார்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. எதிர்வீட்டில் ராத்திரி வேலைக்குப் போகிற காவலாளி மட்டும், தான் பகலில் தூங்குவதால் தெருமுனை வரைக்கும் முதல் கியரிலேயே போகும்படி கேட்டுக்கொண்டார். பல்செட்டுக்காரர் சரி என்றார். ஆனால் ஒரு நாளும் அப்படிப் போகவில்லை.

ஊரில் வயசானவர்களில் பாதிப் பேர் அவர் செய்துகொடுத்த பல்லால்தான் சிரித்தார்கள். கடைத்தெருவின் பின்பக்கம் அவருடைய பட்டறை. சுண்ணப்பொடி வெள்ளையாகப் படிந்த மேஜை, மெழுகு உருக்கும் சின்ன அடுப்பு, இளஞ்சிவப்பு ஈறுகள் வரிசையாகக் காயும் பலகை. புதுப் பல் மாட்டியவர்களை உடனே அனுப்பிவிட மாட்டார். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து "பஸ்", "மிஸ்", "ரசீது" என்று சொல்லச் சொல்வார். எங்காவது காற்று விசில் அடித்தால் பல்லைக் கழற்றி, ஒரு மயிரிழை தேய்த்து, மறுபடி மாட்டிச் சொல்லச் சொல்வார். தேய்க்கிற வேலையில் அவருக்குப் பொறுமை அதிகம். மனிதர்களிடம் அவ்வளவு கிடையாது.

காரை அவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருந்தார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும், இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேலே மூடி இல்லாத கார். ஒரு காலத்தில் பச்சை. தபால் ஆபீஸில் கவுண்ட்டர் வேலை பார்த்த மனைவி அந்த வீட்டுக்கு வந்தபோது அது முன்னறையை ஒட்டிய கொட்டகையில் ஏற்கெனவே இருந்தது. "மூத்த தாரம் நல்லா இருக்காங்களா?" என்று அவள் ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்பாள். மகள் பிறந்த பிறகு மூன்று பேருக்கு அந்த வண்டியில் இடம் போதவில்லை. கொஞ்ச நாள் குழந்தை அம்மாவின் மடியில் உட்கார்ந்து வந்தது, அப்புறம் அம்மா வீட்டிலேயே நின்றுவிட்டாள், அப்பாவும் மகளும் மட்டும் சுற்றினார்கள். வழியில் தென்படும் கடைப் பலகைகளையெல்லாம் அந்தப் பெண் உரக்கப் படித்துக்கொண்டே வருவாள். மேலே மூடாத வண்டி, காற்றுக்கும் எஞ்சினுக்கும் மேலே கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தி அவளுக்கு நல்ல கணீர்க்குரல் வந்துவிட்டது. ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதே வண்டியில்தான். அவள் கியர் மாற்றினால் வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி இருக்கும் என்று அப்பாவே பட்டறையில் சொல்லிக்கொள்வார், அவள் இல்லாதபோது.

சண்டை வந்தது ஒரு சாயங்காலம், ஊருக்கு வெளியே மேம்பாலம் இறங்குகிற இடத்தில். பெரிய நகரத்து ரயில்வே ஸ்டேஷனில் தனக்கு அறிவிப்பாளர் வேலை கிடைத்திருப்பதாகவும், மறுநாளே கிளம்ப வேண்டும் என்றும் மகள் சொன்னாள். வேலை கிடைத்ததில் அவருக்கு வருத்தம் இல்லை. எப்போது தெரியும் என்று கேட்டார். போன மாதமே என்றாள். அம்மாவுக்கு? அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும் என்றாள். எதிர்வீட்டுக் காவலாளிக்கு? அவள் பதில் சொல்லாததிலிருந்து காவலாளிக்கும் தெரியும் என்று புரிந்தது. "நீங்க கத்துவீங்கன்னுதான் அப்பா சொல்லல" என்றாள். தான் கத்தவில்லை என்பதை அவர் கத்திச் சொன்னார். அவளும் விடவில்லை. வண்டி நான்காவது கியரில் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. "பேசாதே! இனிமே உன் குரலே என் காதுல விழக்கூடாது!" என்று சொல்லிக்கொண்டே அவர் கியர் தண்டைப் பிடுங்கி இரண்டாவதில் அறைந்தார். கியர்பாக்ஸுக்குள் இரும்பு அலறியது. பின்சக்கரங்கள் கட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பி நின்றது. அவள் "அப்பா, நிறுத்துங்க!" என்றாள், வண்டி நின்ற பிறகு. கதவைத் திறந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். மறுநாள் அம்மாதான் பெட்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், நகரத் தொடங்கிவிட்ட ரயிலின் வாசலில் நின்றவளிடம் கொடுத்தாள், பேச நேரம் இருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் வண்டியை எடுத்தார். தெருமுனையில் இரண்டாவது போட்டதும் கியர் கடித்தது, கடித்த சத்தத்துக்கு உள்ளிருந்து மகள் "அப்பா, நிறுத்துங்க!" என்றாள். அவர் நிறுத்தினார். யாரும் இல்லை. மறுபடி எடுத்து மறுபடி போட்டார், "நிறுத்துங்க" என்றது. வண்டி சண்டையை ஞாபகம் வைத்திருக்கிறது என்று அவர் நினைத்தார், தெருவும் அப்படித்தான் நினைத்தது, ஜன்னல் வழியாகக் கேட்ட மனைவியும் அப்படித்தான் நினைத்து ஜன்னலைச் சாத்தினாள். அன்றிலிருந்து அவள் அந்தக் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

ஆனால் கொஞ்ச நாளில் வண்டி வேறு வார்த்தைகள் பேச ஆரம்பித்தது. "இந்த ஜன்னல் மூடவே மாட்டேங்குது" என்றது ஒரு நாள். அவர்கள் வீட்டில் மூடாத ஜன்னல் எதுவும் இல்லை. "ஒரு டீ, சக்கரை கம்மியா" என்றது. "மாடிப்படியில லைட்டு போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது." அப்புறம் ஒரு காலை, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றது. பல்செட்டுக்காரர் வண்டியை ஓரம் கட்டினார். இது பழைய பேச்சு இல்லை. எங்கோ ஒரு மாடியறையில், மூடாத ஜன்னலுக்குப் பக்கத்தில், மகள் இப்போது பேசிக்கொண்டிருப்பது இங்கே வந்து விழுகிறது.

இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. மனைவி போன் செய்தால் மகள் எடுப்பதில்லை, குறுஞ்செய்தி மட்டும் வரும்: நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், பிறகு பேசறேன். மனைவி அதை வைத்துக்கொண்டு சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவரோ மகளுக்கு ஜலதோஷம் பிடித்தது தெரிந்தவர், வீட்டுக்காரம்மாவோடு லைட்டுக்காகச் சண்டை போட்டது தெரிந்தவர். வேலை விஷயம் தனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. இந்தத் தடவை தனக்கு மட்டும்தான் தெரியும் என்கிற நினைப்பு ஒரு மிட்டாயைப் போல அவர் கன்னத்துக்குள் கிடந்தது. அதைக் கடிக்காமல் சுவைத்துக்கொண்டிருந்தார்.

பட்டறையைத் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடினார். மீதி நேரமெல்லாம் ஊரைச் சுற்றினார். ஒரு மாற்றத்துக்கு ஒரு வாக்கியம் என்பதால் முதல், இரண்டு, மறுபடி முதல், மறுபடி இரண்டு என்று வண்டியைத் தத்தித் தத்தி ஓட்டினார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து, அப்புறம் அந்த வண்டியைக் கண்டாலே அடுத்த தெருவில் திரும்பப் பழகிக்கொண்டார்கள். காலையில் அவள் அறிவிப்புச் சொல்கிற நேரம் அவருக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் போய் கியரை மாற்றி மாற்றிப் போடுவார். "இன்னும் சற்று நேரத்தில்" என்று ஒரு கடி, "மூன்றாவது நடைமேடைக்கு" என்று ஒரு கடி, "வந்து சேரும்" என்று ஒரு கடி. "என் பொண்ணு. பெரிய ஸ்டேஷன்ல இருக்கா" என்பார் அங்கே நிற்கிறவர்களிடம். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் மட்டும் மூட்டையோடு மூன்றாவது நடைமேடையைத் தேடி வெகுநேரம் அலைந்தது.

அவர் பதிலும் பேசினார். "ஜன்னலுக்கு ஒரு அட்டையை மடிச்சு வை" என்பார் கியர் தண்டைப் பார்த்து. "தொண்டைக்கு வெந்நீர் குடி." அது அங்கே போய்ச் சேரவில்லை. அடுத்த கடியில் அவள் வேறு எதையோ பேசினாள்.

முதல் வருஷம் முடியும்போது குரலில் கரகரப்பு வந்தது. வாக்கியங்கள் குட்டையாயின. வண்டியைப் பாலத்தடியில் இருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் பருத்த உடம்போடு வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸின் அடி மூடியைத் திறந்து, எண்ணெயை ஒரு தகரத்தட்டில் வடித்து வெயிலில் பிடித்துக் காட்டினார். கறுத்த எண்ணெய் முழுக்கத் தங்கப்பொடி தூவினாற்போல மின்னியது.

"இது பித்தளை சார். உள்ள வளையம் ஒண்ணு இருக்கு. ரெண்டு பல்சக்கரமும் கோத்துக்கறதுக்கு முன்னாடி, ஓடற ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர்றது அதுதான். அது தேஞ்சுபோச்சு. அதான் இந்தக் கடி கடிக்குது."

"கடிக்கட்டும். எண்ணெய் மட்டும் மாத்திக் குடு."

"இப்ப வளையம் போகுது, அடுத்தது சக்கரத்துப் பல்லு போகும். பல்லு தேஞ்சா என்ன ஆகும்னு நான் உங்களுக்கா சொல்லணும்?"

"எண்ணெய் மட்டும்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "பிரிக்க வேண்டாம்னா ஒண்ணு செய்யுங்க. கிளட்சை மிதிச்சு நியூட்ரலுக்குக் கொண்டாங்க. விடுங்க. மறுபடி மிதிச்சு இரண்டாவது போடுங்க. மேல் கியர்லருந்து இறங்கி வர்றப்ப நடுவுல ஆக்சிலேட்டர் ஒரு மிதி. பழைய லாரிக்காரங்க அப்படித்தான் ஓட்டுவாங்க. சத்தமே வராது, வளையமும் தேயாது."

பல்செட்டுக்காரருக்கு அந்த வித்தை தெரியாதது இல்லை. மகளுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அப்படி ஓட்டினால் வண்டி ஊமையாகத்தான் போகும், அது அவருக்குத் தேவையில்லை. கெட்டியான எண்ணெயை ஊற்றிக்கொண்டு கிளம்பினார். மெக்கானிக் பழைய எண்ணெயைக் கொட்டகைக்குப் பின்னால் புல்லில் கொட்டினார். அந்த இடத்தில் மழை பெய்தால் புல்லுக்குள்ளிருந்து அரைகுறை வார்த்தைகள் வந்தன, "கனி", "ஜன்ன", "அம்" என்று. கேட்க என்னவோ போலிருந்ததால் மெக்கானிக் அதன்மேல் ஒரு தகரத்தைக் கவிழ்த்துவைத்தார்.

மனைவி ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு நகரத்துக்கு ரயில் ஏறினாள். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பையைக்கூட இறக்கிவைக்காமல் முன்னறையில் நின்றாள்.

"அவ அறிவிப்பாளரா இல்லைங்க. ஸ்டேஷன்ல ஏணியில ஏறி பலகையில எழுத்து மாத்தற வேலை பாக்கறா. அவளுக்குப் பேச்சு இல்ல."

"என்ன உளர்றே?"

"வாயைத் திறக்கறா, சத்தம் வரல. உங்க வண்டியிலருந்து இறங்கின அன்னையிலருந்து ஒரு வார்த்தை வரல. டாக்டருங்க பாத்துட்டு தொண்டை புதுசாட்டம் இருக்குங்கறாங்க. எங்கிட்ட சொன்னா நான் உங்ககிட்ட சொல்லுவேன், நீங்க வந்து கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு இத்தனை நாள் மறைச்சிருக்கா. கையில ஒரு சிலேட்டு வச்சிருக்கா. அதுல எழுதிக் காட்டறா."

"தினமும் பேசறாளே. நான்..." என்று தொடங்கி அவர் நிறுத்திக்கொண்டார்.

மனைவி பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "தினமும்னா?"

அவர் சொல்ல வேண்டியதாயிற்று. ஜன்னல், டீ, ஜலதோஷம், மாடிப்படி லைட்டு, எல்லாம். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்த ஜன்னலை அவள் நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "தினமும் காலையில கண்ணாடி முன்னாடி நின்னு அறிவிப்பைச் சொல்லிப் பாக்கறாளாம். என்னைக்காவது வருமான்னு" என்றாள். கடைசியில், "அங்க வர வேண்டியது இங்க வருது. அவ குரல் உங்க வண்டியில மாட்டிக்கிட்டிருக்கு. குடுத்துடுங்க" என்றாள், பார்சலைக் கேட்பதைப் போல.

நல்ல மனுஷன் என்றால் அன்றைக்கே கொடுத்திருப்பான். பல்செட்டுக்காரர் நாளை என்றார். நாளை என்பது நாலைந்து வாரம் நீண்டது. கியர்பாக்ஸைப் பிரித்து அந்தக் குரல் காற்றோடு போய்விட்டால்? அவளிடமே போய்ச் சேர்ந்தாலும், சேர்ந்த பிறகு தன்னோடு அவள் பேசுவாள் என்பது என்ன நிச்சயம்? இப்போதாவது அவள் டீ கேட்பது கேட்கிறது. மனைவி சமைத்து மேஜையில் வைத்துவிட்டு அடுத்த அறையில் போய்ச் சாப்பிட்டாள். பட்டறையில் அவர் செய்த பற்கள் விசிலடித்தன. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தன்னுடைய பேத்தியின் கல்யாணத்தில் வாழ்த்துரை சொல்லும்போது கூட்டத்திலிருந்த நாய் எழுந்து அவரிடம் வந்துவிட்டதாகப் பல்லைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். பல்செட்டுக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். எங்கே தேய்க்க வேண்டும் என்று தெரியவில்லை.

அவர் ஓட்டுவதை நிறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறைத்தார், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் இது கடைசி என்று சொல்லிக்கொண்டு கியரைக் கடிக்கவிட்டார்.

அப்படி ஒரு கடைசித் தடவையில், மத்தியானம் கூட்டம் நெருக்கியடிக்கும் கடைத்தெருவில், இரண்டாவது போட்டதும் வண்டி அலறியது. "தள்ளுங்க! ஐயா, தள்ளுங்க! வண்டி வருது!" அத்தனை நாள் கரகரத்துக்கொண்டிருந்த குரல் எங்கிருந்தோ முழுசாகத் திரண்டு வந்தது. தெருவே இரண்டாகப் பிளந்தது. பழக்கூடைக்காரி கூடையைப் போட்டுவிட்டு ஓரமாகப் பாய்ந்தாள், சைக்கிள்கள் சாய்ந்தன, ஒரு கிழவர் பேரனை இழுத்துக்கொண்டு கடைக்குள் விழுந்தார். வெறும் தெரு நடுவில் ஆரஞ்சுப்பழங்கள் உருண்டன. எந்த வண்டியும் வரவில்லை. பல்செட்டுக்காரர் முதலுக்கு வந்து மறுபடி இரண்டாவது போட்டார். "கேக்கலையா?" என்றது. இன்னொரு தடவை போட்டார். வார்த்தை இல்லை. அவள் அழுகிற சத்தம் மட்டும் வந்தது.

இத்தனை பேருக்குக் கேட்டது அங்கே ஒருவருக்கும் கேட்டிருக்காது என்று அவருக்கு உறைத்தது.

சாயங்காலம் மனைவியின் போனுக்குச் செய்தி வந்தது. ஏணியின் உச்சியிலிருந்து மகள் பார்த்திருக்கிறாள்: கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுக்க ஒருவர் தண்டவாளத்தில் இறங்கியதையும், பின்னோக்கி வந்த எஞ்சினையும். வாயைத் திறந்து கத்தியிருக்கிறாள். ஏணியிலிருந்து குதித்து ஓடிப்போவதற்குள் அவருடைய ஒரு கால் போய்விட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. மனைவி அதைப் படித்துக்காட்டிவிட்டுப் போனை மேஜையில் கவிழ்த்துவைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாமாயிருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவர் வண்டியை எடுத்தார். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்தார். விட்டார், ஒரு நொடி காத்தார், மறுபடி மிதித்து இரண்டாவதைப் போட்டார். தண்டு சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. வீட்டிலிருந்து பாலத்தடிவரை எத்தனை திருப்பமோ, எத்தனை மேடோ, எத்தனை மாடு குறுக்கே வந்ததோ, ஒவ்வொரு இடத்திலும் அப்படியே செய்தார். இன்னும் மிச்சமிருக்கிற ஒரு துணுக்குகூடத் தன் கையால் தேயக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் அவர் அருகில் வரும்போது பேச்சை நிறுத்தினார்கள். சத்தம் வரவில்லை என்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டை முழுக்க நனைந்துபோய் மெக்கானிக்கின் கொட்டகையில் போய் நிறுத்தினார். "பிரிச்சிடு" என்றார்.

கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க ஒரு பகல் ஆயிற்று. மெக்கானிக் பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் துணிமேல் வைத்தார், கடைசியில் வளையத்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். வளையல் அளவுக்கு இருந்தது. வெளிவிளிம்பில் சின்னச் சின்னப் பற்கள், பாதி மழுங்கிப்போனவை. உட்பக்கம் நூல் நூலாகக் கோடுகள் இருந்திருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது, ஒரே ஒரு ஓரத்தில் மட்டும் சில கோடுகள் மிச்சம். பல்செட்டுக்காரர் அதில் விரலை வைத்ததும் அது "ம்" என்றது. சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார். மெக்கானிக் புது வளையத்தைப் பொருத்தி மூடினார். ஓட்டிப் பார்த்தபோது இரண்டாவது கியர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் தாங்காமல் அவர் மூன்றாவதுக்குப் போய்விட்டார்.

வளையத்தைப் பல்செட்டு வைத்துக்கொடுக்கும் பஞ்சு டப்பாவில் வைத்து, பக்கத்து இருக்கையில் மனைவியை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போனார். அந்த வண்டியில் அவள் ஏறிப் பல வருஷமாகியிருந்தது. வழி முழுக்க டப்பாவை அவள்தான் மடியில் வைத்திருந்தாள். ஒரே ஒரு தடவை, "வேகமா போகாதீங்க" என்றாள்.

குடை ரிப்பேர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. மாடிப்படியில் லைட்டு இல்லை. வண்டி பேசுகிற விஷயத்தை அம்மா கிளம்பும்போதே மகளுக்குச் செய்தியில் அனுப்பியிருந்தாள். மகள் கதவைத் திறந்தாள், இளைத்திருந்தாள். அம்மாவின் தோளில் முகத்தை வைத்து எடுத்தாள். அப்பாவைப் பார்த்து ஒதுங்கி நின்றாள், அதை உள்ளே வரச் சொன்னதாக எடுத்துக்கொண்டு அவர் போனார். ஜன்னல் பாதி திறந்தபடி இருந்தது. டப்பாவை நீட்டினார். சொல்ல வேண்டியதையெல்லாம் வழியில் தயார்செய்திருந்தார், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவள் டப்பாவைத் திறந்து, வளையத்தைப் புரட்டிப் பார்த்து, மழுங்கிய பற்களை விரலால் எண்ணுவது போலத் தடவினாள். பிறகு இடது கையில் மாட்டிக்கொண்டாள். அளவு சரியாக இருந்தது.

அவள் தொண்டைக்குள் ஏதோ கடித்தது. கியர் கடிக்கிற அதே சத்தம். அதன்பின் குரல் வந்தது, பழைய கணீர்க்குரலில் பாதி, ஓரமெல்லாம் தேய்ந்த குரல்.

"எவ்வளவு நாளா தெரியும்?"

"உங்கம்மா வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான், உனக்குப் பேச்சில்லைன்னு..."

"நான் பேசறது உங்களுக்குக் கேக்குதுன்னு எப்பத் தெரியும்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "அது மூடலைன்னு சொன்னியே. அப்பவே."

"அம்மா வந்துட்டுப் போனப்புறம்?"

"ஓட்டினேன்."

"நான் இங்க வாயை வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறேன்னு தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்தான்."

அம்மா குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகள் கையைக் காட்டி நிறுத்தினாள். வளையம் நகர்ந்ததில் மறுபடி கடித்தது. "நீங்க கேட்டது ஒண்ணுகூட உங்களுக்குச் சொன்னது இல்லப்பா" என்றாள். "ஒருத்தர் கால் போச்சு. நான் கத்தினது அவருக்குக் கேக்கல. உங்களுக்குக் கேட்டுது, இல்ல?"

அவர் தலையாட்டினார். அங்கிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் அவரை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கால் போனவர் நாற்பது வயசுக்காரர், பெட்டிக்கடை வைத்திருந்தவர். நடந்ததைப் பல்செட்டுக்காரர் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியா" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கு எல்லாப் பல்லும் கெட்டியாக இருந்தன. பல்செட்டுக்காரர் தன் தொழிலால் அவருக்குச் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

வண்டியடியில் விடைகொடுக்கும்போது மகள் சொன்னாள்: "கேக்கணும்னா போன் பண்ணிக் கேளுங்க. தோணினா எடுப்பேன். எடுக்கலைன்னா மறுபடி மறுபடி அடிக்காதீங்க."

அடுத்து வந்த வருஷங்களில் சில வாரம் எடுத்தாள், பல வாரம் எடுக்கவில்லை. அவர் மறுபடி மறுபடி அடிக்கவில்லை. மனைவி ஆபீஸிலிருந்து நேராக ரயிலேறிப் போய்வந்தாள். மாதத்துக்கு ஒரு தடவை அவர் போய் ஆஸ்பத்திரியிலும், பிறகு பெட்டிக்கடையிலும், கால் போனவருக்குக் கூடமாட உதவி செய்தார். முதல் ஒரு வருஷம் அந்த மனிதர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பீடிக்கட்டுகளை எந்தத் தட்டில் அடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார். ரயில்வே நிர்வாகம் மகளின் குரலைப் பரிசோதித்து, கொஞ்சம் தேய்மானம் இருந்தாலும் தெளிவாக இருப்பதாகச் சொல்லி அவளை அறிவிப்பாளராக்கியது. பணிநேரத்தில் இந்த அறிவிப்பாளர் பற்களுள்ள பித்தளை வளையம் ஒன்றை அணிந்திருக்க அனுமதிக்கப்படுகிறது என்று சீருடை விதியில் ஒரு வரி சேர்த்தார்கள். அவள் வளையத்தை மறந்து வீட்டில் வைத்துவிட்டு வருகிற நாட்களில் சக ஊழியர் ஒருவர் மைக்கில் உட்காருவார், அவள் ஏணியில் ஏறுவாள். யாரும் காரணம் கேட்பதில்லை.

இப்போதும் அந்த ஸ்டேஷனில் ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் ஒலிபெருக்கியில் கியர் கடிக்கிற சத்தம் ஒன்று வருகிறது. புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். பழகியவர்கள் வார்த்தைக்குக் காத்திருக்காமல் அந்தச் சத்தத்துக்கே பெட்டி மூட்டைகளோடு எழுந்துவிடுவார்கள். பெட்டிக்கடை வேலை முடிந்த நாட்களில் பல்செட்டுக்காரர் மூன்றாவது நடைமேடை பெஞ்சியில் வந்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஏற வேண்டிய ரயில் எதுவும் இல்லை. ஆனாலும் சத்தம் வந்ததும் மற்றவர்களோடு அவரும் எழுந்து நிற்பார்.